இரண்டு பன்றிகள், ஏழு ஆண்டுகள்: தீவாந்தரக் கைதி ஜான் கெல்லி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரும்புக் கவசம் அணிந்து காவலரோடு துப்பாக்கிச் சண்டையிட்டு, 1880 நவம்பர் 11 அன்று மெல்போர்ன் சிறையில் தூக்கிலிடப்பட்ட ஆஸ்திரேலியக் கொள்ளையர் நெட் கெல்லியைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தை நிரப்பும். அவருடைய தந்தையான ஜான் கெல்லியைப் பற்றிய செய்திகளோ சில தாள்களில் அடங்கிவிடும். அந்தத் தாள்களிலும் பெரும்பாலானவை நீதிமன்றமும் சிறை நிர்வாகமும் எழுதியவை. அயர்லாந்திலிருந்து திருட்டுக் குற்றத்துக்காகக் கடல் கடத்தப்பட்ட பல்லாயிரம் பேரில் ஒருவர் எப்படி வாழ்ந்தார் என்பதை அறிய விரும்புவோர் வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஜான் கெல்லி யார்? அவரை ஏன் ‘ரெட்’ என்று அழைத்தார்கள்?

அயர்லாந்தின் தென்பகுதியில் உள்ள டிப்பரரி மாவட்டத்தில், மோய்கிளாஸ் என்னும் ஊரை அடுத்த குளோன்ப்ரோகனில் 1820-இல் பிறந்தவர். தலைமுடி சிவப்பாக இருந்ததால் ‘ரெட்’ என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. அயர்லாந்தில் ஜான் கெல்லி என்பது நம் ஊரில் முருகன் அல்லது முத்துசாமி போலத் தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர் என்பதால், இந்த அடைமொழி பின்னாளில் வரலாறு தேடுவோருக்குப் பெரிதும் உதவியது. குத்தகை நிலத்தை நம்பிப் பிழைத்த கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. இருபது வயதில் இரண்டு பன்றிகளைத் திருடிய வழக்கில் தண்டிக்கப்பட்டு, இன்று டாஸ்மேனியா எனப்படும் வான் டீமன்ஸ் லேண்ட் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

தீவாந்தர தண்டனை என்பது என்ன? அது வெறும் நாடு கடத்தலா?

நாடு கடத்தப்பட்டவர் போய்ச் சேர்ந்த இடத்தில் தன் விருப்பப்படி வாழலாம். தீவாந்தரக் கைதிக்கு அந்த உரிமை கிடையாது. குறிப்பிட்ட ஆண்டுகள் முடியும்வரை அவருடைய உழைப்பு அரசுக்குச் சொந்தம். அரசு அதைத் தானே பயன்படுத்திக்கொள்ளலாம், தனியார் ஒருவரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். அமெரிக்கக் குடியேற்றங்கள் 1776-இல் விடுதலையை அறிவிக்கும்வரை பிரிட்டனும் அயர்லாந்தும் தங்கள் கைதிகளை மேரிலாந்து, வர்ஜீனியா போன்ற இடங்களுக்கு ஏற்றிவிட்டன. அந்தக் கதவு மூடியபின் 1789-இல் அயர்லாந்திலிருந்து ஒரு கப்பல் கைதிகளை நியூஃபவுண்ட்லாந்தில் கொண்டுபோய் இறக்க, அங்கிருந்தவர்கள் அவர்களை வைத்துக்கொள்ள மறுத்துத் திருப்பி அனுப்பிய கூத்தும் நடந்தது. 1788-இல் தொடங்கிய சிட்னி குடியேற்றமே கடைசியில் கைகொடுத்தது. அயர்லாந்திலிருந்து கைதிகளை நேரடியாக ஏற்றி வந்த முதல் கப்பலான ‘குவீன்’ 1791 செப்டம்பரில் சிட்னியை அடைந்தது.

தமிழர்களுக்கும் இந்தத் தண்டனை புதிதன்று. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டபின், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1802-இல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்குக் கப்பலேற்றியது. தீவாந்தரம் என்னும் சொல் நம் பெரியவர்களின் பேச்சில் நெடுங்காலம் அச்சத்தோடு புழங்கியதற்கு இத்தகைய நினைவுகளே காரணம் என்று கருதலாம். ஆனால் சிவகங்கைச் சீமையிலிருந்து போனவர்கள் போரில் தோற்றவர்கள். ஜான் கெல்லி பன்றித் திருடர். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது இருவருக்குமே நியாயமாகாது.

இரண்டு பன்றிகளைத் திருடியதற்கு ஏழு ஆண்டுகளா?

1841 ஜனவரியில் காஷெல் நகர நீதிமன்றம் அவருக்கு விதித்தது ஏழு ஆண்டுத் தீவாந்தரம்தான். அது அவருக்கென்று தனியாகக் கூட்டிக் கொடுத்த தண்டனையும் அன்று. ஏழு, பத்து, பதினான்கு ஆண்டுகள், ஆயுள் எனப் படிகள் இருந்தன. இவற்றில் ஏழாண்டுதான் தொடக்கப் படி. ஆட்டையோ மாட்டையோ குதிரையையோ திருடினால் தூக்கு என்னும் சட்டம் 1832 வரை ஏட்டில் இருந்தது. அதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏழு ஆண்டு என்பது சலுகையாகவே தோன்றியிருக்கும்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் ‘வெறும் இரண்டு பன்றிகள்’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். ‘வெறும்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய ஐரிஷ் குடியானவர் தம் குடும்பத்தோடு உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தார். பன்றியை அவர் வளர்த்தது தின்பதற்காக அன்று. உருளைக்கிழங்குத் தோலையும் மிச்சத்தையும் போட்டுக் கொழுக்க வைத்து, குத்தகைக் கெடு வருமுன் சந்தையில் விற்று, அந்தப் பணத்தை நிலக்கிழாரின் ஏஜெண்டிடம் கட்டினார். பன்றியை ‘வாடகை கட்டும் கனவான்’ என்றே அயர்லாந்தில் வேடிக்கையாகக் குறிப்பிட்டார்கள். வாடகை தவறினால் வீட்டின் கூரையைப் பிரித்துக் குடும்பத்தைத் தெருவில் விடுவது அன்று சட்டப்படி செல்லும். ஆகவே பன்றியைப் பறிகொடுத்தவரும் நிலக்கிழார் அல்லர். பெரும்பாலும் திருடியவரைப் போன்ற இன்னொரு குடியானவரே. கெல்லி கைவைத்ததும் பக்கத்து ஊர் விவசாயி ஒருவரின் கொழுத்த பன்றிகள்மீதுதான். தண்டனை கடுமையானது என்பதில் ஐயமில்லை. குற்றம் அற்பமானது என்பது மட்டும் சரியன்று.

அவர் பசிக் கொடுமையால் திருடினாரா? உருளைக்கிழங்குப் பஞ்சம்தானே காரணம்?

காலம் பொருந்தவில்லை. உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது 1845-இல். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கெல்லி தண்டனை பெற்றுவிட்டார். பஞ்ச ஆண்டுகளில் ஆடும் தானியமும் திருடியவர்கள் பெருந்திரளாகத் தண்டிக்கப்பட்டார்கள் என்பதும், சிறையிலாவது கப்பலிலாவது சோறு கிடைக்கும் என்று வேண்டுமென்றே குற்றம் செய்து பிடிபட்டவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அந்தக் கண்ணீரைக் கெல்லியின் வழக்கில் கொண்டுவந்து ஊற்ற முடியாது.

பஞ்சத்துக்கு முன்பும் நாடு செழிப்பாக இருந்ததாகப் பொருளில்லை. 1841 கணக்கெடுப்பில் அயர்லாந்தின் மக்கள்தொகை 80 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தந்தையிடமிருந்த சில ஏக்கர் குத்தகையை மகன்களுக்குள் பிரித்துப் பிரித்து, கடைசியில் கையளவு துண்டில் ஒரு குடும்பம் வாழ வேண்டிய நிலை. டிப்பரரி அதிலும் கொந்தளிப்பான மாவட்டம். நிலத் தகராறுகளால் நடந்த தாக்குதல்களும் கொலைகளும் அங்கே வாடிக்கையாக இருந்ததால், காவலர் எண்ணிக்கையும் அதிகம், நீதிமன்றங்களின் பொறுமையும் குறைவு. மூத்த மகனுக்கே நிலம் போதாத ஓரிடத்தில் இருபது வயது இளைஞர் ஒருவர் திருட்டில் இறங்கியதற்குப் பசிதான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்காலம் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் போனாலே போதும்.

அவர் ஒரு காட்டிக்கொடுத்தவர் என்று சொல்வது உண்மையா?

ஐரிஷ் காவல்துறையின் பழைய கடிதங்களை ஆராய்ந்தவர்கள், கெல்லி கூட்டாளி ஒருவரைப் பற்றிக் காவலருக்குத் தகவல் கொடுத்திருந்தார் என்று வாதிடுகிறார்கள். இதை முதலில் கேட்கும் ஆஸ்திரேலியர்கள் பலருக்கு அது உவப்பாக இருப்பதில்லை. ஏனென்றால் காவலரை எதிர்த்துச் செத்த மகனின் கதையோடு இது ஒட்டவில்லை. ஐரிஷ் நாட்டுப்புறத்தில் திருடனை மன்னிப்பார்கள், கொலைகாரனைக்கூட ஒளித்து வைப்பார்கள். காட்டிக்கொடுத்தவனுக்கு மட்டும் தலைமுறைக்கும் மன்னிப்பில்லை. அப்படி ஒரு பெயர் வாங்கியவருக்குத் தீவாந்தரம் ஒரு வகையில் உயிர்ப் பாதுகாப்பாகவும் அமைந்திருக்கக்கூடும். பின்னாளில் கெல்லி தம் இளமைக்காலத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பதற்கு இது ஒரு காரணமா என்று கேட்டால், இருக்கலாம் என்பதற்குமேல் நான் போகமாட்டேன்.

கப்பல் பயணம் எப்படிப்பட்டது? பாதிப் பேர் வழியிலேயே இறந்துவிடுவார்களா?

தொடக்க காலத்தில் அதற்கு நெருக்கமான கொடுமைகள் நடந்தன. 1802-இல் அயர்லாந்திலிருந்து வந்த ‘ஹெர்குலிஸ்’, ‘அட்லஸ்’ ஆகிய இரு கப்பல்களிலும் நோயாலும் பட்டினியாலும் கலகத்தை அடக்கிய துப்பாக்கிச் சூட்டாலும் கைதிகள் கூட்டம் கூட்டமாக மடிந்தார்கள். 1815-க்குப் பின் ஒவ்வொரு கைதிக் கப்பலிலும் கடற்படை மருத்துவர் ஒருவரைக் கண்காணிப்பாளராக நியமித்தார்கள். கைதிகளின் உணவு, தூய்மை, தளத்தில் நடமாட்டம் ஆகியவை அவர் பொறுப்பு. எத்தனை பேரை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய மதிப்பும் ஊதியமும் அமைந்தன. அதன்பின் சாவு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அதே காலத்தில் பஞ்சத்துக்குத் தப்பிச் சொந்தப் பணத்தில் அமெரிக்கா சென்ற ஐரிஷ் ஏழைகளின் கப்பல்களோடு ஒப்பிட்டால், கைதிக் கப்பலில் உயிர் பிழைக்கும் வாய்ப்பே அதிகம். முரணான செய்திதான், ஆனால் அரசுக்கு வேண்டியது உழைக்கும் கைகள், பிணங்கள் அல்ல.

கடலுக்கு மட்டும் யாரும் கட்டளையிட முடியவில்லை. கார்க் துறைமுகத்திலிருந்து பெண் கைதிகளையும் அவர்களுடைய குழந்தைகளையும் ஏற்றிப் புறப்பட்ட ‘நேவா’ 1835 மே மாதத்தில் கிங் தீவருகே பாறையில் மோதி உடைந்தபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கினர்.

கெல்லி ஏறிய ‘பிரின்ஸ் ரீஜன்ட்’ அப்படி எந்தப் பேரிடரையும் சந்திக்கவில்லை. 1841-இன் பின்பகுதியைக் கடலில் கழித்துவிட்டு, 1842 ஜனவரி 2 அன்று அது ஹோபார்ட் துறைமுகத்தை அடைந்தது.

ஹோபார்ட்டில் இறங்கியதும் என்ன நடந்தது?

முதலில் எழுத்தர்கள் வந்தார்கள். உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம், தழும்புகள், பச்சை குத்திய அடையாளங்கள், மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன தொழில் தெரியும், பெற்றோர் உடன்பிறந்தார் யார், குற்றம் என்ன என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பேரேட்டில் பதிந்தார்கள். இங்கிலாந்திலோ அயர்லாந்திலோ சுதந்திரமாக வாழ்ந்த ஓர் ஏழைத் தொழிலாளியைப் பற்றி நமக்குப் பெயரும் கல்லறை எண்ணும்கூடக் கிடைப்பது அரிது. திருடிப் பிடிபட்டுத் தீவுக்குப் போனவரின் புருவத்து நிறம்வரை கிடைக்கிறது. அந்தப் பேரேடுகளின் நோக்கம் ஒன்றுதான்: தப்பி ஓடினால் அடையாளம் காண வேண்டும்.

கெல்லி இறங்கிய நேரம் ஒரு மாற்றத்தின் நடுவில் விழுந்தது. அதுவரை நடப்பில் இருந்த முறைப்படி, வந்து இறங்கும் கைதியை ஒரு பண்ணைக்காரரிடமோ வணிகரிடமோ ஒப்படைப்பார்கள்; சோறும் துணியும் கொடுத்து அவர் வேலை வாங்குவார், கூலி கிடையாது. நல்ல எசமானர் அமைந்தால் பிழைத்தார், கொடியவர் அமைந்தால் தொலைந்தார் என்பதால், இது அடிமை முறையே என்னும் கண்டனம் லண்டனில் வலுத்தது. நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840-இல் நின்றது. வான் டீமன்ஸ் லேண்டில் அதற்குப் பதிலாகப் படிமுறை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் கும்பலாகச் சாலை போடுவது, காடு அழிப்பது போன்ற அரசு வேலை. ஒழுங்காக இருந்தால் பிறகு கூலிக்கு வேலை தேட அனுமதி. அதன்பின் ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ எனப்பட்ட அனுமதிச் சீட்டு. காகிதத்தில் இது நேர்த்தியாக இருந்தது. நியூ சவுத் வேல்ஸ் கதவை மூடியதால் எல்லாக் கப்பல்களும் ஒரே தீவை நோக்கித் திரும்பியதும், வேலை குறைந்து கைதிகள் பெருகி முறையே மூச்சுத் திணறியதும் நடைமுறை.

கெல்லிக்குச் சங்கிலியும் கசையடியும் கிடைத்தனவா? போர்ட் ஆர்தரில் இருந்தாரா?

போர்ட் ஆர்தரும் அதற்கு முந்தைய மக்குவாரி துறைமுகச் சிறையும் தீவுக்கு வந்தபின் மறுபடியும் குற்றம் செய்தவர்களுக்கான இடங்கள். ஆறு ஜோடிச் செருப்புகளைத் திருடியதற்காக அயர்லாந்திலிருந்து 1820-இல் வந்து சேர்ந்த அலெக்சாண்டர் பியர்ஸ் அந்த வழியில் போனவர். மக்குவாரி துறைமுகத்திலிருந்து தப்பியோடிக் காட்டில் பட்டினி கிடந்து உடன் வந்தவர்களையே தின்ற அவர் 1824-இல் ஹோபார்ட்டில் தூக்கிலிடப்பட்டார். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்ல அவர் கதை வசதியாக இருப்பதால், எல்லாக் கைதிகளின் வாழ்வும் அப்படியே என்னும் எண்ணம் பரவிவிட்டது.

கெல்லி அடங்கியிருந்தவர்களில் ஒருவர். 1845-இல் அனுமதிச் சீட்டும், ஏழு ஆண்டு முடிந்ததும் 1848 ஜனவரியில் விடுதலைச் சான்றிதழும் பெற்றுவிட்டார். அனுமதிச் சீட்டு வைத்திருப்பவர் குறிப்பிட்ட எல்லைக்குள் தமக்காக உழைத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் அவ்வப்போது அதிகாரியின்முன் நேரில் நிற்க வேண்டும், தவறினால் சீட்டுப் பறிபோகும்.

ஐரிஷ் கைதிகள் பெரும்பாலும் அரசியல் கைதிகள்தாமே?

அல்லர். பெரும்பாலோர் திருடர்களே: துணி, பணம், ஆடு, மாடு, பன்றி. 1798 கிளர்ச்சிக்குப் பின் வந்த புரட்சியாளர்களும், நிலக்கிழாருக்கு எதிரான இரகசியச் சங்கத்தாரும், 1868-இல் கடைசிக் கப்பலில் வந்த, அயர்லாந்து விடுதலைக்கான இரகசிய இயக்கத்தினரான ஃபீனியன்களும் இருந்தார்கள். ஆனால் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். பாடலிலும் கதையிலும் அவர்கள் இடம் பெரிதாக இருப்பதால் மற்றவர்கள் மறைந்துபோனார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான இணைப்பு உண்டு. கெல்லி விடுதலை பெற்ற அதே 1848-இல், ஜூலை மாதம், அவர் பிறந்த ஊருக்கு வெகு தூரமில்லாத பாலிங்கரியில் இளம் அயர்லாந்து இயக்கத்தார் கிளர்ச்சி செய்தார்கள். ஒரு விதவையின் வீட்டுக்குள் புகுந்துகொண்ட காவலர்களை முற்றுகையிட்ட அளவில் அது முடிந்துபோயிற்று. அதன் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான வில்லியம் ஸ்மித் ஓ’பிரையனுக்கு முதலில் மரண தண்டனை விதித்து, பிறகு அதைத் தீவாந்தரமாகக் குறைத்து, 1849-இல் அதே வான் டீமன்ஸ் லேண்டுக்கு அனுப்பினார்கள். அவரையும் அவருடைய தோழர்களையும் கனவான்களாகவே நடத்தினார்கள். தப்பி ஓடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தால் தனி வீட்டில் வாழலாம். ஓ’பிரையனுக்காகப் பல்லாயிரம் பேர் மனுவில் கையொப்பமிட்டார்கள். கடைசியில் மன்னிப்புப் பெற்று நாடு திரும்பினார். அரசைக் கவிழ்க்க முயன்றவர் ஊர் போய்ச் சேர்ந்தார், பன்றி திருடியவர் போகவில்லை. வர்க்கம் என்பது கடல் தாண்டியும் உடன் வரும் பெட்டிகளில் ஒன்று.

விடுதலைக்குப் பிறகு கெல்லி ஏன் அயர்லாந்துக்குத் திரும்பவில்லை?

சட்டம் தடுக்கவில்லை, காசு தடுத்தது. கைதியைக் கொண்டுவர அரசு கப்பலைக் கொடுத்தது, திரும்பிப் போகக் கொடுக்கவில்லை. பல ஆண்டுக் கூலியைச் சேர்த்தால்தான் டிக்கெட்டுக்குக் கட்டும். ஆகவே ஏழு ஆண்டுத் தண்டனை என்பது கிட்டத்தட்ட எல்லோருக்குமே ஆயுள் தண்டனையாகத்தான் முடிந்தது. தீர்ப்பு வாசித்த நீதிபதிக்கும் அது தெரியும். தவிர, 1848-இல் திரும்பிப் போக அங்கே என்ன இருந்தது? பஞ்சத்தில் செத்தவர்கள் போக மற்றவர்கள் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம் அது. ஊரில் இருந்த கெல்லியின் உடன்பிறந்தார் சிலரே பின்னாளில் அவர் இருந்த நாட்டைத் தேடி வந்தார்கள்.

அவர் போனது எதிர்க் கரைக்கு. பாஸ் நீரிணையைக் கடந்து, பின்னர் விக்டோரியா ஆன போர்ட் பிலிப் மாவட்டத்தில் இறங்கினார். அங்கே வான் டீமன்ஸ் லேண்டிலிருந்து வந்தவர்களை ‘வான்டிமோனியன்’ என்று இழிவாகப் பேசினார்கள். தங்கம் கிடைத்தபின் 1852-இல், தீவிலிருந்து வரும் முன்னாள் கைதிகளைத் தடுக்கவே விக்டோரியா ஒரு சட்டம் இயற்றியது. அந்தக் கதவு மூடப்படுவதற்கு முன்பே கெல்லி உள்ளே வந்துவிட்டார்.

அவருடைய திருமணமும் குடும்பமும்?

வாலன் என்ற இடத்தில் ஜேம்ஸ் குவின் என்னும் ஐரிஷ் விவசாயியிடம் தச்சு வேலைக்குச் சேர்ந்தார். குவின் குடும்பத்தார் 1841-இல் அன்ட்ரிம் மாவட்டத்திலிருந்து சுதந்திரக் குடியேறிகளாக வந்தவர்கள். அதாவது கெல்லியின் கப்பலும் அவர்களுடைய கப்பலும் அதே ஆண்டில் அதே திசையில் வந்தன. ஒன்றில் விலங்கு, மற்றதில் விருப்பம். குவினின் மகள் எலனுக்கு அப்போது பதினெட்டு வயது. முன்னாள் கைதி ஒருவருக்குப் பெண் கொடுக்கக் குடும்பத்தார் துள்ளிக் குதித்திருக்க மாட்டார்கள் என்று ஊகிக்கலாம். இருவரும் 1850 நவம்பர் 18 அன்று மெல்போர்ன் புனித பிரான்சிஸ் ஆலயத்தில் மணந்துகொண்டார்கள். எட்டுக் குழந்தைகள் பிறந்தன. முதல் குழந்தை கைக்குழந்தையாகவே இறந்தது. மூன்றாவது குழந்தைக்குத் தம் சகோதரரின் பெயரான எட்வர்ட் என்பதைச் சூட்டினார். அந்த எட்வர்ட்தான் நெட்.

தங்கக் காலத்தின் முதல் சில ஆண்டுகள் அவர் வாழ்வில் நல்லவையாக இருந்தன. பெவரிட்ஜ் என்ற ஊரில் சொந்தமாக நிலம் வாங்கினார். டிப்பரரியில் அவருடைய தந்தைக்கு ஒருபோதும் வாய்த்திராத நிலை இது. பன்றி திருடியவர் கையில் நிலப் பத்திரம். ஆனால் வாங்கும்போது விலை உச்சத்தில் இருந்தது, பிறகு இறங்கிற்று. கடனும் குடியும் சேர்ந்துகொள்ள, நிலம் துண்டு துண்டாகக் கைவிட்டுப் போயிற்று. 1864-இல் குடும்பம் வடக்கே ஏவனெல் என்ற சிற்றூருக்குப் பெயர்ந்து, மறுபடியும் குத்தகை நிலத்தில் குடியேறியது.

அவர் மீண்டும் திருட்டில் ஈடுபட்டாரா?

இருபது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றத்தோடு பெரிய வழக்கு ஏதுமின்றி வாழ்ந்தவர் 1865-இல் மீண்டும் சிக்கினார். அடுத்த நிலத்துக்காரரின் கன்று ஒன்று காணாமல் போயிற்று; கெல்லியின் வீட்டில் ஒரு தோல் கிடைத்தது. கன்றைத் திருடியதாக அல்லாமல், தோலைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாகவே குற்றம் உறுதியாயிற்று. 25 பவுண்டு அபராதம், இல்லையேல் ஆறு மாதக் கடுங்காவல். 25 பவுண்டு என்பது பண்ணைக் கூலி ஒருவர் பல மாதம் உழைத்துச் சேர்க்கும் தொகை. கட்ட முடியாமல் உள்ளே போனார். குழந்தைகளுக்குக் கறி கிடைத்தது அந்தக் கன்றால்தானா என்று கேட்டால், இம்முறை பசி என்னும் காரணத்தை நான் மறுக்கமாட்டேன்.

வெளியே வந்தவர் தேறவில்லை. 1866 டிசம்பரில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்ததாக இன்னோர் அபராதம். கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள், டிசம்பர் 27 அன்று, உடலில் நீர் கோத்து வீங்கும் நோயால் இறந்தார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை. சாவைப் பதிவு செய்யப் போனவர் அவருடைய மூத்த மகன். பன்னிரண்டு வயதுச் சிறுவன். அதற்குச் சிறிது காலம் முன்னர்தான், ஹியூஸ் ஓடையில் மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சிறுவனைக் காப்பாற்றியதற்காக அவன் ஒரு பச்சைப் பட்டுக் கச்சையைப் பரிசாகப் பெற்றிருந்தான். இறப்புப் பதிவில் தந்தையைப் பற்றித் தகவல் தந்தவர் என்ற இடத்தில் அவன் பெயர் நிற்கிறது.

தந்தைக்கு நேர்ந்ததுதான் நெட் கெல்லியைக் கொள்ளையராக்கியதா?

நெட் கெல்லி அப்படி நம்பினார். 1879-இல் ஜெரில்டரி என்ற ஊரில் வங்கியைக் கொள்ளையிட்டபோது அவர் விட்டுச்சென்ற நீண்ட கடிதத்தில், வான் டீமன்ஸ் லேண்டிலும் பிற சிறைகளிலும் வாடிய ஐரிஷ் கைதிகளைப் பற்றிச் சினத்தோடு எழுதியிருக்கிறார். தந்தையின் பெயரைச் சொல்லாவிட்டாலும் அந்தச் சினம் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது.

ஆனால் ஐரிஷ் மக்களுக்கும் ஆங்கில அரசுக்கும் நடந்த போராக இதைச் சுருக்குபவர்கள் சில பெயர்களைக் கவனிக்கத் தவறுகிறார்கள். 1878-இல் ஸ்டிரிங்கிபார்க் ஓடையருகே நெட்டின் குழு கொன்ற கென்னடி, லோனிகன், ஸ்கேன்லன் ஆகிய மூன்று காவலரும் அயர்லாந்தில் பிறந்தவர்கள். நெட்டின் தாய் எலனுக்கு மூன்று ஆண்டு சிறையும், நெட்டுக்குத் தூக்கும் விதித்த நீதிபதி ரெட்மண்ட் பாரி, கார்க் மாவட்டத்துக்காரர். தந்தையின் தம்பி ஜிம் 1868-இல் எலனும் குழந்தைகளும் தங்கியிருந்த வீட்டுக்கே தீ வைத்தவர். அவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு அது குறைக்கப்பட்டது. இத்தனையும் ஒரே குடும்பத்துக்குள், ஒரே நாட்டுக்காரர்களுக்குள் நடந்தவை. நிலம் உள்ளவர், இல்லாதவர் என்னும் கோடு ஐரிஷ், ஆங்கிலேயர் என்னும் கோட்டைவிடத் தெளிவாகத் தெரிகிறது.

மொத்தம் எத்தனை பேர் இப்படி அனுப்பப்பட்டார்கள்?

1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு ஏறக்குறைய 1,62,000 கைதிகள் வந்தார்கள். அவர்களில் சுமார் 40,000 பேர் அயர்லாந்திலிருந்து நேரடியாக ஏற்றப்பட்டவர்கள். வான் டீமன்ஸ் லேண்டுக்கு அனுப்புவது 1853-இல் நின்றது. 1856-இல் தீவு தன் பெயரையே டாஸ்மேனியா என்று மாற்றிக்கொண்டது. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் ‘ஹூகோமாண்ட்’ 1868 ஜனவரியில் ஃப்ரீமேண்டிலை அடையும்வரை தொடர்ந்தது.

கெல்லி வாழ்ந்த இடங்களை இன்று பார்க்க முடியுமா?

பெவரிட்ஜில் 1859 வாக்கில் அவர் தம் கையால் கட்டிய சிறிய வீடு இன்றும் நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட மரபுச் சின்னம். கருங்கல் புகைபோக்கியும் தாழ்ந்த கூரையுமாக, டிப்பரரி குடிசையின் அமைப்பை அந்நிய மண்ணில் மரத்தால் திரும்பக் கட்டியது போன்ற தோற்றம். அவர் உடல் ஏவனெல் இடுகாட்டில் உள்ளது.

என் குடும்பத்திலோ நண்பர் குடும்பத்திலோ இருந்த ஐரிஷ் கைதியைப் பற்றி ஆவணங்களில் தேடுவது எப்படி?

தண்டனை பெற்ற ஆண்டை முதலில் கண்டுபிடியுங்கள். 1922-இல் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் நடந்த சண்டையில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது, 1836-க்கு முந்தைய தீவாந்தரப் பேரேடுகள் சாம்பலாயின. கெல்லியின் தண்டனை 1841 என்பதால் அவர் பெயர் தப்பியது. பிந்தைய பேரேடுகளையும் கைதிகளும் உறவினரும் கருணை வேண்டி எழுதிய மனுக்களையும் கொண்ட குறிப்புத் தொகுப்பை, ஆஸ்திரேலியாவின் இருநூறாம் ஆண்டையொட்டி 1988-இல் அயர்லாந்து அரசு அந்நாட்டுக்குப் பரிசாக அளித்தது. டாஸ்மேனியா ஆவணக் காப்பகத்திலுள்ள கைதிகளின் நடத்தைப் பேரேடுகளை இணையத்திலேயே பார்க்கலாம். ஆஸ்திரேலியக் கைதி ஆவணங்கள் 2007-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன.

பெயரை மட்டும் வைத்துத் தேட வேண்டாம். கெல்லி என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் வந்து நிற்பார்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். கப்பலின் பெயரும் அது வந்து சேர்ந்த ஆண்டும் கையில் இருந்தால் ஆள் கிடைத்துவிடுவார்.